எலும்பைப் பற்றிக்கொள்ளும் கண்ணாடி

எலியின் தொடை எலும்பில் பதித்த சிறு கண்ணாடித் துண்டு ஒன்றை ஆறு வாரம் கழித்து எடுக்கப் பார்த்தார்கள். வரவில்லை. எலும்பு அதைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருந்தது.

அமெரிக்காவின் புளோரிடா பல்கலைக்கழகத்தில் 1969-இல் லாரி ஹென்ச் உருவாக்கிய கண்ணாடி அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், பேருந்துப் பயணத்தில் சந்தித்த ராணுவ கர்னல் ஒருவர், உடல் ஒதுக்காத பொருளைச் செய்ய முடியுமா என்று அவரிடம் கேட்டிருந்தார். வியட்நாம் போரில் கைகால் இழந்த வீரர்களுக்காகக் கேட்ட கேள்வி. அதற்குக் கிடைத்த விடையில் சிலிக்கா 45 சதவீதம்; சோடியம் ஆக்சைடும் கால்சியம் ஆக்சைடும் தலா 24.5, மீதி 6, பாஸ்பரஸ் பென்டாக்சைடு.

உடல் திரவம் பட்டதும் இந்தக் கண்ணாடி மெல்லக் கரைகிறது. சோடியம் வெளியேற, மேற்பரப்பில் சிலிக்கா கூழாகிறது. அதன்மேல் கால்சியமும் பாஸ்பேட்டும் படிந்து, எலும்பின் கனிமத்தை ஒத்த படலமாகின்றன. எலும்புக்கு அது அந்நியமில்லை.

ஆனால் கண்ணாடி நொறுங்கும். உடல் எடையைத் தாங்காது. அப்படியானால் சுமையை டைட்டானியம் தாங்கட்டும், மேலே கண்ணாடியைப் பூசிவிடலாமே?

அங்கேதான் சிக்கல். சூடாக்கும்போது டைட்டானியக் கலவையைவிட இந்தக் கண்ணாடி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரிகிறது. ஆறும்போது அதே அளவு கூடுதலாகச் சுருங்கப் பார்க்கும், உலோகம் விடாது, பூச்சு வெடிக்கும். சிலிக்காவைக் கூட்டினால் விரிவு குறையும். ஆனால் 60 சதவீதத்தைத் தாண்டினால் கரைவதும் குறைந்து, எலும்போடு ஒட்டும் குணமே போய்விடுகிறது. எலும்போடு ஒட்டுவதற்குக் கரைய வேண்டும்; உலோகத்தில் நிலைப்பதற்குக் கரையாதிருக்க வேண்டும். இந்த இழுபறிதான் இத்துறையின் உயிர்நாடி.

ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கொகுபோ 1982-இல் வேறு பக்கமிருந்து வந்தார். கண்ணாடிக்குள் அபடைட், வோலாஸ்டோனைட் படிகங்களை வளர்த்து, வலுவான கண்ணாடிப் பீங்கானை உருவாக்கினார். அது முதுகெலும்பு மாற்றுத் துண்டாகவும் பயன்பட்டது.

அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகம் கண்ட வழியே பூச்சுக்கு மிகப் பொருத்தமானது. அங்கே சோடியத்தில் ஒரு பங்கைப் பொட்டாசியமாகவும், கால்சியத்தில் ஒரு பங்கை மக்னீசியமாகவும் மாற்றி, விரிவை டைட்டானியத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்தார்கள். பிறகு அடுக்கு முறை: உலோகத்தை ஒட்டிச் சிலிக்கா மிகுந்த கண்ணாடி, எலும்பைத் தொடும் வெளிப்புறத்தில் கரையக்கூடிய கண்ணாடி. ஒரே கலவையிடம் இரண்டு வேலையையும் கேட்காததுதான் இதன் நேர்த்தி.

உடலுக்குள் பூச்சு உரிந்தால் நோயாளிக்கு இன்னொரு அறுவை சிகிச்சை நேரலாம். அதனால் இங்கே நிதானம் அவசியம். இன்றும் செயற்கை இடுப்பு மூட்டுத் தண்டுகளில் பரவலாகப் பூசப்படுவது எலும்பின் கனிமத்தை ஒத்த ஹைட்ராக்சிஅபடைட்; ஹென்ச்சின் கண்ணாடியோ பெரும்பாலும் எலும்புக் குழிகளை நிரப்பும் துகளாகவே பயன்படுகிறது.