அவையறிந்த அம்மையார்: சென்னைச் சட்டமன்றத்தில் முத்துலட்சுமி ரெட்டி



திருவள்ளுவர் அமைச்சியலை முடிக்குமிடத்தில் இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து அமைத்தார். முன்னது அவையறிதல், பின்னது அவையஞ்சாமை. வைப்புமுறையிலேயே ஒரு நுட்பம் அடங்கியிருக்கிறது. அவையின் இயல்பை அறிந்தவரின் அஞ்சாமையே காரியத்தை முடிக்கும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசும் மேடைகள் பெரும்பாலும் பின்னதை மட்டுமே எடுத்துக்கொள்கின்றன. எதிர்த்துப் பேசிய உறுப்பினர் ஒருவர்க்கு அவர் கொடுத்ததாகச் சொல்லப்படும் சூடான விடையொன்று கைதட்டலுக்காகத் திரும்பத் திரும்ப எடுத்தாளப்படுகிறது. முதல் பெண் உறுப்பினர், முதல் பெண் துணைத்தலைவர் என்னும் பட்டியலும் உடன் வரும். அந்த ஒற்றை விடையின் நிழலிலும் பட்டியலின் நிழலிலும் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுக்கால மன்றப் பணி மறைந்து கிடக்கிறது.

அவர் நுழைந்த அவை எத்தகையது என்பதை முதலில் தெளிந்துகொள்ள வேண்டும். 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின்படி அமைந்த சென்னைச் சட்டமன்றத்தில் 1920 முதல் இரட்டையாட்சி நடைபெற்றது. கல்வி, மருத்துவம், அறநிலையம் போன்ற துறைகள் அமைச்சர்களிடம் இருந்தன. காவலும் நீதியும் வருவாயும் ஆளுநரின் நிர்வாகக் குழுவிடம் இருந்தன. சென்னை மாகாணத்துப் பெண்களுக்கு வாக்குரிமை 1921-இல் கிடைத்தது. மன்றத்தில் அமரும் உரிமை 1926-இல்தான் கிடைத்தது. இந்திய மாதர் சங்கத்தின் பரிந்துரையால் அவர் நியமன உறுப்பினரானார். 1927-இன் தொடக்கத்தில் மன்றம் அவரை ஒருமனதாகத் துணைத்தலைவராகத் தேர்ந்தது. அவருக்குப் பின்னே கட்சியோ, வாக்காளர் தொகுதியோ இல்லை. ஓர் உறுப்பினரைக்கூடக் கட்டளையிட்டு வாக்களிக்கச் செய்ய இயலாத ஒருவர், ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த அவையில், ஆண்களின் வழக்கங்களைப் பற்றிச் சட்டம் கேட்க எழுந்தார்.

1927 நவம்பரில் அவர் கொண்டுவந்த தீர்மானம் சொல்லுக்குச் சொல் எண்ணிப் படிக்கத்தக்கது. இளஞ்சிறுமியரையும் இளம்பெண்களையும் கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடுதலைத் தடுக்க மாகாண அரசு சட்டம் இயற்ற வேண்டும். ஏதேனும் காரணத்தால் அது இயலாதாயின் மைய அரசைச் சட்டமியற்றுமாறு கேட்க வேண்டும் என்பது அதன் சாரம். இரட்டையாட்சியில் அதிகாரிகள் வழக்கமாகச் சொல்லும் மறுமொழி ஒன்றுண்டு: இஃது எங்கள் எல்லைக்குள் வாராது என்பது. அந்த மறுமொழி பிறக்குமுன்பே தீர்மானம் அதற்குரிய வழியைக் காட்டிவிட்டது. மேலும், சாதி, வழக்கம், சமயம் என்னும் போர்வையில் ஒழுக்கக்கேடான நோக்கத்திற்காகச் செய்யப்படும் காணிக்கை என்றே வழக்கத்தைத் தீர்மானம் வரையறுத்தது. போர்வை என்ற சொல் கோயிலையும் சமயத்தையும் விலக்கி வைத்துவிடுகிறது. சமயத்தில் தலையிடலாமா என்று கேட்க எழும் உறுப்பினர், தம் சமயம் இத்தகைய நோக்கத்தை ஏற்கிறது என்று முதலில் ஒப்புக்கொண்டாக வேண்டும். அதற்கு எவரும் முன்வரவில்லை, தீர்மானம் நிறைவேறியது.

சட்டம் ஏற்கெனவே இல்லாமலில்லை. சிறுமியரைப் பரத்தைமைக்காக விற்பதும் வாங்குவதும் இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 372, 373-ஆம் பிரிவுகளின்படி குற்றமே. 1924-இல் அதற்குரிய வயது வரம்பு பதினெட்டாக உயர்த்தப்பட்டது. ஆயினும் பொட்டுக்கட்டும் சடங்கு மங்கல நிகழ்ச்சியாக, சுற்றம் சூழ, கோயிலில் நடந்தது. அதற்குப் பின்னர் என்ன நோக்கம் இருந்தது என்று நீதிமன்றத்தில் நிறுவ யார் சாட்சி சொல்வார்? மைசூர் அரசு 1909-இலேயே தன் கோயில்களில் இவ்வூழியத்தை ஆணையால் நிறுத்திற்று. அரசரின் ஆணைக்கு விவாதம் வேண்டியதில்லை. சென்னையிலோ ஒவ்வோர் அடியையும் பேசியே எடுத்துவைக்க வேண்டியிருந்தது.

அடுத்துச் செய்த செயலில்தான் அவருடைய அவையறிதல் முழுமையாக வெளிப்படுகிறது. தடைச்சட்டத்தை உடனே கேளாமல் அவர் நிலத்தின் பக்கம் திரும்பினார். கோயில் ஊழியத்திற்காகப் பல தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலங்கள் விடப்பட்டிருந்தன. ஊழியம் நின்றால் நிலம் போய்விடும். ஆகவே ஒரு தாய் தன் மகளுக்குப் பொட்டுக்கட்டாமல் விடுவது, குடும்பத்தின் சோற்றுக்கு வழியை அடைப்பதாக முடியும். சமயப் பற்றாலும் வழக்கத்தாலும் மட்டுமே அவ்வழக்கம் நின்றதாகப் பேசியவர்கள் இந்த முடிச்சைக் காணவில்லை, கண்டிருந்தாலும் வாய்திறக்கவில்லை. இந்து சமய அறநிலையச் சட்டத்திற்கு அம்மையார் கொண்டுவந்த திருத்தம் 1929-இல் சட்டமாயிற்று. அதன்படி அந்நிலங்கள் தீர்வை ஒன்று விதிக்கப்பட்டு ஊழியக் கட்டிலிருந்து விடுவிக்கப்பட்டன. நிலம் அதனை வைத்திருந்த பெண்ணிடமே நிற்கும், ஊழியம் அவளைக் கட்டாது.

மணிமேகலைக் காப்பியத்தை அறிந்தவர்க்கு இவ்விடம் நன்கு விளங்கும். மாதவி தன் மகளை ஆடலரங்கிற்கு அனுப்ப மறுத்தாள். சித்திராபதியோ குலத்தொழிலுக்கு இழுத்தாள். மணிமேகலைக்குத் துறவும் அமுதசுரபியும் வாய்த்தன. துறவு பூணாமல், ஊரிலேயே குடியிருந்து, உழுது உண்டு வாழ நினைக்கும் பெண்ணுக்குக் காப்பியம் வழி கூறவில்லை. 1929-ஆம் ஆண்டுத் திருத்தம் அப்படிப்பட்ட பெண்ணைக் கருதி எழுதப்பட்டது எனலாம்.

அதன் விளைவு முழுதும் அவர் எண்ணியபடியே அமைந்ததா என்பது வேறு வினா. அக்குலத்தில் சொத்து பெண்வழி இறங்கியது. வீட்டின் தலைமையும் மூத்த பெண்ணிடம் இருந்தது. ஊழியம் நீங்கி நிலம் தனிச்சொத்தானபோது நன்மை ஆண்களின் பக்கம் சாய்ந்தது என்று பிற்காலச் சமூகவியல் ஆய்வாளர் சிலர் வாதிட்டுள்ளனர். அவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று.

அதனினும் கூரிய எதிர்ப்பு அந்நாளிலேயே எழுந்தது. சென்னை மாகாணத் தேவதாசியர் அரசுக்கு விண்ணப்பம் அனுப்பினர். பெங்களூர் நாகரத்தினம்மாள் போன்ற இசையரசியர் அவ்வணியில் நின்றனர். தேவதாசி வேறு, பரத்தை வேறு. இரண்டையும் ஒன்றாக்கிச் சட்டம் செய்வது தங்களை இழிவுபடுத்துவதாகும். தங்களுக்கு வேண்டியது சமய, இலக்கிய, கலைக் கல்வியே என்பது அவர்கள் வாதம். தீர்மானத்தில் அவையை வென்ற அதே சொற்றொடர், ஒழுக்கக்கேடான நோக்கம் என்பது, வெளியே நின்ற பெண்களைச் சுட்டது. அவர்களுள் ஒருவரும் மன்றத்தில் அமர்ந்திருக்கவில்லை. அம்மையாரின் தாயார் சந்திரம்மாள் இசை மரபுக் குடியில் பிறந்தவர். புதுக்கோட்டையில் அக்குடும்பம் பட்ட சொல்லடிகளை மகள் அறிவார். ஆயினும் மன்றத்தில் அவர் அந்தப் பெண்களுக்காகப் பேசினாரேயன்றி அவர்களாகப் பேசவில்லை. அவ்வழக்கத்தின் உள்ளிருந்தே வெளிவந்து அதை எதிர்த்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் குரலும் அவைக்கு வெளியிலேயே ஒலித்தது. 1936-இல் அது ‘தாசிகள் மோசவலை’ என நாவலாயிற்று. 1932-ஆம் ஆண்டின் இறுதியில் சதிராட்டத்தைப் பற்றி ஈ. கிருஷ்ண ஐயருக்கும் முத்துலட்சுமி ரெட்டிக்கும் நாளிதழ்களில் நடந்த வழக்காடலும் இந்தப் புண்ணிலிருந்தே எழுந்தது. கலையைக் காக்கப் பலர் முன்வந்தனர். அதனைக் காத்துவந்த பெண்கள் அரங்கின் ஓரத்திற்குத் தள்ளப்பட்டனர். அந்தப் பழி சட்டத்தை மட்டும் சேராது. சட்டத்தை அறவே நீக்கியும் கணக்கிட இயலாது.

மற்றப் பணிகளைச் சுருங்கச் சொல்லலாம். 1928 மார்ச்சில் பெண்ணுக்குப் பதினாறும் ஆணுக்கு இருபத்தொன்றும் மணவயதாக வேண்டும் எனத் தீர்மானம் கொண்டுவந்தார். 1929-இல் மைய மன்றம் இயற்றிய சாரதா சட்டம் பதினான்கிலும் பதினெட்டிலும் நின்றுவிட்டது. சாத்திரம் பேசியவர்க்கு அவர் சாத்திரத்தால் மட்டும் மறுமொழி கூறவில்லை. பேறுகாலத்தில் இறக்கும் சிறுமியரைக் கண்ட மருத்துவராகப் பேசினார். 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவருக்கு அந்தத் தகுதி இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவச் சோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவ வசதி, முஸ்லிம் மாணவியர்க்கு விடுதி என அவர் கேட்டவையெல்லாம் அமைச்சர்களின் கையிலிருந்த துறைகளைச் சார்ந்தவை என்பதை நோக்க வேண்டும். எங்கே கேட்டால் கிடைக்கும் என்பதறிந்து கேட்டார். சைமன் குழுவிற்குத் துணையாக அமைந்த ஹார்ட்டாக் கல்விக் குழுவிலும் உறுப்பினராக இருந்து பெண்கல்வி பற்றிய கருத்துகளை உருவாக்கியதில் பங்குகொண்டார்.

1930-இன் தொடக்கத்தில், நிலத்தின் முடிச்சு அவிழ்ந்த பின்னர், பொட்டுக்கட்டுதலையே தடுக்கும் மசோதாவை அறிமுகப்படுத்தினார். அது பொதுக்கருத்து அறியச் சுற்றுக்கு விடப்பட்டது. சத்தியமூர்த்தி போன்ற ஆற்றல்மிகு நாவலர்கள் எதிரணியில் நின்றனர். அவ்வாண்டு மே மாதத்தில் காந்தியடிகள் சிறைப்பட்டார். அம்மையார் அதனைக் கண்டித்து மன்ற உறுப்பினர் பதவியைத் துறந்தார். முன்மொழிந்தவர் வெளியேறவே மசோதாவும் நின்றுபோயிற்று.

இந்தத் துறவைப் புகழாதார் இல்லை. எனினும் ஒன்று கேட்கத் தோன்றும். நாட்டுக்காக அவர் விட்டது துணைத்தலைவர் நாற்காலியை மட்டுமா? அந்தச் சட்டத்திற்காகக் காத்திருந்த சிறுமியர்க்கு இன்னும் பதினேழு ஆண்டுகள் கழிய வேண்டியிருந்தது. இரண்டு கடமைகள் ஒரே வாரத்தில் எதிரெதிரே வந்து நின்றபோது ஒன்றை அவர் தேர்ந்தார். அதன் விலையை அறியாதவராக அவர் இருந்திருக்க இயலாது. மன்றத்தில் செய்ததையும் செய்ய முயன்றதையும் அவ்வாண்டிலேயே ஆங்கிலத்தில் ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். சட்டத்தால் தர இயலாத அடைக்கலத்தை ஔவை இல்லத்தின் கதவைத் திறந்து தரத் தொடங்கியதும் அக்காலத்தில்தான்.

1947-இல் சென்னைத் தேவதாசிகள் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதல் சட்டத்திற்குப் புறம்பானது என்றது அது. துணைநின்றவர்க்குத் தண்டனை விதித்தது. கோயிலில் பெண்கள் ஆடுவதையும் தடுத்தது. பொட்டுக்கட்டப்பெற்ற காரணத்தால் ஒரு பெண் சட்டப்படி மணம் செய்துகொள்ளும் தகுதியை இழந்தவள் ஆகாள் என்றும் அதில் ஒரு விதி இருந்தது. அம்மையார்க்கு அப்போது வயது அறுபத்தொன்று.