மாங்குயில் சொல்லிக் கொடுத்த இங்கிலீஷ்

போன எபிசோட்ல டேட்டாபேஸ் பத்திப் பேசித் தூங்க வச்சுட்டேன்னு சிலர் எழுதியிருந்தீங்க. அதனால இன்னைக்கு ஒரு விளையாட்டு. பேரு 'கிங்டம் ஆஃப் லோத்திங்'. 2003-ல வந்தது, இன்னும் ஓடிட்டிருக்கு. பிரவுசர்லயே விளையாடலாம், காசு கட்ட வேண்டாம்.

நான் இதுக்குள்ள எப்படி விழுந்தேன்னு முதல்ல சொல்லிடறேன். எங்க ஊர் தோவாளை. நாகர்கோவில் பக்கம், பூச்சந்தை உள்ள ஊர். அப்பா பூ வியாபாரம். பிளஸ் டூ வரைக்கும் நான் தமிழ் மீடியம். 2014-ல இன்ஜினியரிங் சேர்ந்தேன். முதல் வாரம் ஒவ்வொருத்தரா எழுந்து இங்கிலீஷ்ல அறிமுகம் பண்ணணும். என் முறை வந்தது. "மை ஃபாதர் இஸ் எ ஃப்ளவர்..." அதுக்கு மேல வரல. வியாபாரிக்கு என்ன வார்த்தைன்னு ஞாபகம் வரல. அப்படியே உட்கார்ந்துட்டேன். கிளாஸே சிரிச்சது. அந்த வருஷம் முழுக்க எனக்கு 'ஃப்ளவர்'னுதான் பேரு. அதுக்கப்புறம் கிளாஸ்ல வாயே திறக்கல.

அப்போ கையில இருந்தது பள்ளிக்கூடத்துல அரசு கொடுத்த லேப்டாப். நெட்டுக்கு ஒரு டாங்கிள். அதுல பெரிய கேம் எதுவும் ஓடாது. இது ஓடுச்சு. ஏன்னா இதுல கிராஃபிக்ஸே கிடையாது. வெள்ளைத் தாள்ல பேனாவால கிறுக்கின மாதிரி குச்சி மனுஷங்க, மீதி எல்லாம் எழுத்து. அமெரிக்காவுல, அரிசோனாவுல இருக்கிற ஜாக் ஜான்சன் உருவாக்கினது. அந்தக் குச்சிப் படங்களும் அவர் வரைஞ்சதுதான்.

அம்மா ஒருநாள் எட்டிப் பார்த்துட்டு, "என்ன மக்ளே, குச்சி குச்சியா கெடக்கு? ஒனக்க காலேஜ்ல இதத்தான் படிச்சுத் தாறாவளா?"ன்னு கேட்டாங்க. [சிரிப்பு]

விளையாட்டு எப்படின்னா, மத்த கேம்ல எல்லாம் போர்வீரன், மந்திரவாதின்னு இருக்கும்ல? இங்க சீல் பிராணியைத் தடியால அடிக்கிறவன், ஆமையைப் பழக்கிறவன், அக்கார்டியன் திருடன் இருக்காங்க. நான் எடுத்தது 'பாஸ்டாமான்சர்'. நூடுல்ஸ், பாஸ்தாவை வச்சு மந்திரம் போடுறவன். இந்த ராஜ்யத்துல தங்கக் காசு கிடையாது, இறைச்சிதான் பணம். ரெண்டு பொருளை ஒட்டணும்னாலும் இறைச்சிப் பசைதான். வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல மீன் கூட கிடையாது, நான் மூலையில உட்கார்ந்து கிலோ கணக்குல இறைச்சி சேர்த்துட்டிருப்பேன்.

ஒரு நாளைக்கு 40 அட்வென்ச்சர் தருவாங்க. சாப்பிட்டா, குடிச்சா இன்னும் கொஞ்சம் கிடைக்கும், அதுக்கும் வயிறு, ஈரல்னு அளவு உண்டு. தீர்ந்துட்டா நாளைக்குத்தான். அதனால படிப்பு கெடல.

இப்போ முக்கியமான விஷயம். ஆரம்பத்துல ஒரு பறவை வந்து எப்படி விளையாடணும்னு சொல்லிக் கொடுக்கும். பேரு 'டூட் ஓரியோல்'. நான் அகராதியில தேடினேன். ஓரியோல்னா நம்ம மாங்குயில் மாதிரி ஒரு பறவை. டூட்னா ஊதறது. சரி, ஊதுற மாங்குயில், அதுக்கென்ன? ரெண்டு நாள் கழிச்சு பஸ்ல வரும்போது சும்மா வாய்விட்டு வேகமாச் சொல்லிப் பார்த்தேன். டூட் ஓரியோல், டூட்டோரியல்! பஸ்லயே சிரிச்சுட்டேன். பக்கத்து சீட்டு அண்ணன் ஒரு மாதிரி பார்த்தார்.

இங்கிலீஷ்ல ஒரு ஜோக் எனக்குப் புரிஞ்சு நான் சிரிச்சது அதுதான் முதல் தடவை. காளமேகப் புலவர் பண்ணின சிலேடை வேலைதானே இது! தமிழ் கிளாஸ்ல அதை ரசிச்சவன்தானே நான்? அப்புறம் ஒவ்வொரு பொருளோட விவரணையையும் விடாம படிச்சேன். ராஜாவை ஒரு சூனியக்காரி பட்டகத்துக்குள்ள, அதாவது பிரிஸத்துக்குள்ள அடைச்சு வச்சிருப்பா. சிறை வைக்கிறதுக்கு இங்கிலீஷ்ல 'இம்ப்ரிஸன்'. இவங்க 'இம்ப்ரிஸம்'னு எழுதியிருப்பாங்க. இப்படி ஒவ்வொண்ணா உடைச்சுப் பார்க்கிறதுல, இங்கிலீஷ் பரீட்சைத் தாளா இல்லாம விளையாட்டுச் சாமானா ஆயிடுச்சு.

இதுல அரட்டை அறைக்குள்ள போகணும்னா ஒரு பரீட்சை உண்டு. 'எழுத்தறிவுப் பலிபீடம்'னு ஒரு இடம். இங்கிலீஷ் மொழியோட ஆவி அங்க நின்னு எழுத்துப்பிழை, இலக்கணம் எல்லாம் கேட்கும். கவனிங்க, இங்கிலீஷே தாய்மொழியா இருக்கிறவங்களுக்கும் அதே பரீட்சைதான். அவங்களும் தப்பு பண்றதால தானே அந்த ஆவியே வந்திருக்கு! அதை நினைச்சப்போ எனக்கு ரொம்ப ஆறுதலா இருந்தது. நான் மூணாவது தடவை பாஸ்.

உள்ளே போய் ஒரு வாரம் வேடிக்கை மட்டும்தான் பார்த்தேன். அப்புறம் ஒருநாள் துணிஞ்சு அடிச்சேன்: "மை ஃபாதர் இஸ் எ ஃப்ளவர்." யாரோ முகம் தெரியாத ஆள் உடனே திருப்பிக் கேட்டார்: "என்ன பூ?"

அவ்வளவுதான். கிளாஸ்ல யாருக்கும் தோணாத கேள்வி. பதில் எனக்குத் தெரியும். பிச்சி, அரளி, கேந்தி, சம்பங்கி, ஓணம் வந்தா கேரளாவுக்கு எவ்வளவு பூ போகும், விலை எப்படி ஏறும்னு அரை மணி நேரம் அடிச்சேன். அதுல எத்தனை இலக்கணப் பிழைன்னு அந்த ஆவிக்குத்தான் தெரியும்.

இப்போ வாரம் ரெண்டு தடவை வெளிநாட்டு டீமோட மீட்டிங்ல பேசுறேன். இன்னும் தடுமாறுவேன். ஆனா பாதியில உட்காருறது இல்லை.

இந்தக் கதையை அப்பாகிட்ட சொன்னது போன பொங்கலுக்குத்தான். கேட்டுட்டு சிரிச்சார். "பூவுன்னா கனகாம்பரம்னு சொல்லியிருக்கணும்ல மக்கா. அதுதான் சீக்கிரம் வாடாது."

அந்த டீம் 2017-ல 'வெஸ்ட் ஆஃப் லோத்திங்'னு இன்னொண்ணும் போட்டாங்க, அதே குச்சி மனுஷங்க. நேரம் இருந்தா அதையும் பாருங்க. தமிழ்ல இப்படிச் சிலேடையா ஒரு விளையாட்டு எழுத யாருக்காவது ஆசை இருந்தா எனக்கு எழுதுங்க, கோடு நான் எழுதறேன். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.