ஒயர் டிரில்லா, பேட்டரி டிரில்லா?

(நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

மில்லில் மின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். அந்தத் தைரியத்தில்தான் பேச வந்தேன்.

இந்த மூன்று மாதத்தில் நம் குடியிருப்பில் பலர் என்னிடம் ஒரே கேள்வி கேட்டீர்கள். "டிரில் மெஷின் வாங்கலாம்னு இருக்கோம். ஒயர் வெச்சதா, பேட்டரியா?"

கம்பம், சின்னமனூர் பக்கம் திராட்சைத் தோட்டம் உள்ளவர்களுக்குப் பதில் ஏற்கெனவே தெரியும். பந்தலுக்கு அடியில் மருந்தடிக்கப் பேட்டரி ஸ்பிரேயரை முதுகில் மாட்டுகிறோம். அதே தோட்டத்துக் கிணற்று மோட்டாரைப் பேட்டரியில் ஓட்ட யாரும் நினைப்பதில்லை. வேலையைப் பார்த்துத்தான் கருவி.

கணக்கும் அதையே சொல்கிறது. 18 வோல்ட், 2 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் இருப்பது 36 வாட்-ஹவர். 600 வாட் ஒயர் டிரில் முழு பாரத்தில் ஓடினால், அவ்வளவையும் நாலு நிமிஷத்துக்குள் தின்றுவிடும். ஸ்க்ரூ முடுக்க, கட்டிலைக் கழற்றி மாட்ட, பிளைவுட்டில் ஓட்டை போட அந்த 36 தாராளம். கான்கிரீட்டுக்குப் போதாது. இன்னொன்று: பெட்டியில் '20 வோல்ட் மேக்ஸ்' என்று போட்டிருப்பதும் '18 வோல்ட்' என்று போட்டிருப்பதும் ஒன்றுதான். முழு சார்ஜில் அளந்தால் 20. வேலை செய்யும்போது சராசரி 18. அந்த 2 வோல்ட்டுக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள்.

நான் பட்ட பாட்டையும் சொல்கிறேன். குடிவந்த புதிதில் ஜன்னல் திரைக்கம்பி மாட்ட ஒரு பேட்டரி டிரில் வாங்கினேன். அரை அங்குலம் போய் நின்றுவிட்டது. நம் சுவர் செங்கல்தான். ஆனால் ஜன்னலுக்கு மேலே ஓடுவது லிண்டல், அது கான்கிரீட். திரைக்கம்பி வருவதே அங்கேதான். பால்கனி மேல்தளத்தில் துணிக்கொடிக் கப்பி மாட்டுவதும் கான்கிரீட்டில்தான். அதற்கு எஸ்.டி.எஸ். பிட் போடும் ஒயர் வைத்த ரோட்டரி ஹேமர் வேண்டும். பிட் கம்பியில் இடித்தால் முட்டித் துளைக்காதீர்கள், இடத்தை மாற்றுங்கள். டைல்ஸ் என்றால் ஹேமரை அணைத்துவிட்டு மெதுவாகப் போடுங்கள்.

அந்த மெஷினை அப்படியே பரணில் போட்டேன். ஒரு வருஷம் கழித்து எடுத்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. புதுப் பேட்டரி விலை, மெஷின் விலையில் பாதியைத் தொட்டது. குற்றம் என்னுடையது. லித்தியம் பேட்டரியை முழுதாகக் காலியாக்கியும் வைக்கக் கூடாது, முழு சார்ஜில் மாதக்கணக்கிலும் வைக்கக் கூடாது. பாதி சார்ஜில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். சித்திரை வெயிலில் காருக்குள்ளோ தகரக் கூரைக்கு அடியிலோ விடவே வேண்டாம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சுவருக்குள் ஒயர் போகும் பாதை தெரியாமல் துளைப்பவர்கள்தான் அதிகம். சுவிட்ச் பாக்ஸுக்கு நேர் மேலே, நேர் கீழே, அதே மட்டத்தில் பக்கவாட்டிலும் பைப் ஓடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குழாய்க்கு மேலேயும் அப்படித்தான். சந்தேகமான இடத்தில் பேட்டரி டிரில்லுக்கு ஒரு பெரிய லாபம் உண்டு: வீட்டு மெயினை அணைத்துவிட்டே வேலை பார்க்கலாம். ஒயர் டிரில்லில் அது முடியாது. வேறு சர்க்யூட்டிலிருந்து கரண்ட் எடுத்து, துளைக்கும் சுவரின் எம்.சி.பி.யை அணைக்க வேண்டும். எது அணைந்திருக்கிறது என்று டெஸ்டரில் பார்க்காமல் கை வைக்காதீர்கள். ஆடிக் காற்றில் பால்கனி ஏணிமேல் நின்று எக்ஸ்டென்ஷன் ஒயரை இழுக்கவும் வேண்டாம்.

ஆக, என் யோசனை இது. லிண்டலில் ஓட்டை போடுவது ஒரு வீட்டுக்கு வருஷத்தில் ஒரு நாள் வேலை. அதற்கு வீட்டுக்கு வீடு பெரிய மெஷின் எதற்கு? சங்கம் ஒரு ஒயர் ரோட்டரி ஹேமர், நல்ல எக்ஸ்டென்ஷன், கண்ணாடி, பிட் செட் வாங்கி வாட்ச்மேன் அறையில் வைக்கட்டும். நோட்டில் கையெழுத்துப் போட்டு எடுத்துப் போங்கள். அடிக்கடி ஸ்க்ரூ வேலை உள்ளவர்கள் மட்டும் 12 வோல்ட் பேட்டரி டிரில் ஒன்று வாங்கினால் போதும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளிலும் அது ஓடும்.

சத்தம் மதியத் தூக்கத்தையும் பிள்ளைகளின் பரீட்சையையும் கெடுக்காதபடி நேரமும் முடிவு செய்வோம். அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக வைக்கிறேன். அதுவரை யாருக்காவது லிண்டலில் ஓட்டை வேண்டுமென்றால் என் வீட்டு மணியை அடியுங்கள்.