மொடக்குறிச்சி: தோற்றவர்கள் எழுதிய தேர்தல் வரலாறு



ஒரு சட்டமன்றத் தொகுதியின் வரலாற்றை எழுதச் சொன்னால், வென்றவர்களின் பட்டியலைத்தான் முதலில் தேடுவோம். ஆண்டு, பெயர், கட்சி, வாக்கு வித்தியாசம் என்று நான்கு கட்டம் போட்டால் வேலை முடிந்துவிடும். ஈரோடு மாவட்டத்து மொடக்குறிச்சிக்கும் அப்படி ஒரு பட்டியல் உண்டு. 1977இல் அ.இ.அ.தி.மு.க. சார்பில் வென்ற சுப்புலட்சுமி ஜெகதீசன், எம்.ஜி.ஆரின் முதல் அமைச்சரவையில் கைத்தறித் துறை அமைச்சரானார். பிறகு தி.மு.க.வுக்கு வந்து 1996இல் அதே தொகுதியில் வென்றார். 2021இல் அதே தொகுதியில், பா.ஜ.க.வின் மருத்துவர் சி. சரஸ்வதியிடம் 281 வாக்குகளில் தோற்றார். ஒரே பெயரை வைத்து நாற்பத்து நான்கு ஆண்டு அரசியலைச் சொல்லிவிடலாம். ஆனால் மொடக்குறிச்சி என்றதும் தேர்தல் துறைக்காரர்களுக்கு நினைவுக்கு வருவது வென்றவர் யாரும் அல்லர். 1033 என்ற எண்தான்.

1996 சட்டமன்றத் தேர்தலில் இத்தொகுதியில் நின்றவர்கள் 1033 பேர். பெரும்பாலோர் சுயேச்சைகள். மஞ்சளும் கரும்பும் தென்னையும் விளையும் ஊர்கள் இவை. விவசாயிகளின் குறைகள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன என்று சொல்ல மனு, மறியல், உண்ணாவிரதம் எனப் பழகிய வழிகள் இருந்தன. அவற்றை விட்டு, சட்டம் தந்த வழியையே பிடித்தார்கள். சட்டமன்றத்துக்கு நிற்க டெபாசிட் அப்போது 250 ரூபாய். முன்மொழிய ஒருவர் போதும். ஆயிரம் பேருக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் சுமார் இரண்டரை லட்சம் ரூபாய். அந்தத் தொகையில் நாடே திரும்பிப் பார்க்கும் ஒரு போராட்டத்தை வேறு எப்படி நடத்தியிருக்க முடியும்?

தேர்தல் ஆணையத்தின் பாட்டை நினைத்துப் பாருங்கள். மாநிலமெங்கும் வாக்குப்பதிவு முடிந்துகொண்டிருக்க, இங்கே மட்டும் தேர்தலைத் தள்ளிவைத்தார்கள். வாக்குச்சீட்டு ஒற்றைத் தாளில் அடங்காமல் புத்தகமாக அச்சாயிற்று. அது நுழையும் அளவுக்குப் பெரிய பெட்டிகள் வேண்டியிருந்தன. அந்நாளில் கட்சி வேட்பாளருக்கு முதலிடம் என்ற முறை கிடையாது; எல்லாப் பெயர்களும் அகரவரிசைதான். கண்ணாடி போட்ட ஒரு பாட்டி மறைப்புக்குள் போய், உதயசூரியனையோ இரட்டை இலையையோ தேடிப் பக்கம் பக்கமாகப் புரட்டியிருக்க வேண்டும். வெளியே வரிசை நகராமல் நின்றிருக்கும்.

முடிவு நமக்குத் தெரிந்ததே. அந்த ஆண்டு வீசிய அலையில் தி.மு.க. வென்றது. 88 வேட்பாளர்களுக்கு ஒரு வாக்குகூட விழவில்லை. ‘தனக்கே ஓட்டுப் போட்டுக்கொள்ளவில்லையே’ என்று இதைச் சொல்லிச் சிரிப்பவர்கள் உண்டு. நான் அவர்களோடு சேர மாட்டேன். சொந்த வாக்கை வேறொருவருக்குப் போட்டவருக்குத் தான் எதற்காக மனுத்தாக்கல் செய்தோம் என்பது நன்றாகவே தெரிந்திருக்கிறது. பெயர் அச்சில் ஏறியதுமே அவர் வந்த வேலை முடிந்துவிட்டது.

அதே 1996இல் மக்களவைத் தேர்தலில் அன்றைய ஆந்திரத்தின் நல்கொண்டாவில் 480 பேர் நின்றார்கள். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்து எலும்பை முடக்கிய ஊர்கள் அவை. கர்நாடகத்தின் பெல்காமில் 456 பேர். மகாராஷ்டிரத்தோடு சேர வேண்டும் என்ற மராத்தியரின் கோரிக்கை அது. மூன்று இடங்களில் மூன்று குறைகள். தில்லி கொடுத்த பதில் ஒன்றுதான். அந்த ஆகஸ்டிலேயே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. சட்டமன்ற டெபாசிட் 250இலிருந்து 5,000 ஆனது. மக்களவைக்கு 500இலிருந்து 10,000. சுயேச்சைக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். வாக்குச்சீட்டில் அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் பெயர்கள் முதலில், சுயேச்சைகள் கடைசியில். தேர்தல் சீர்திருத்தம் பற்றிய பேச்சு, 1990இல் தினேஷ் கோஸ்வாமி குழுவின் காலத்திலிருந்தே இருந்தது உண்மைதான். இருந்தாலும் கோரிக்கை ஒருபுறம் இருக்க, கோரும் வழிக்கு விலை ஏறியது என்பதையும் மறுக்க முடியாது. 2009இல் சட்டமன்ற டெபாசிட் 10,000 ரூபாய் ஆனது. இன்று அதே 1033 பேர் நின்றால் ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு மட்டும் பாதி.

வழி அடைபட்டதா என்றால், இல்லை. 2019இல் தெலங்கானாவின் நிஜாமாபாத் மக்களவைத் தொகுதியில் 185 பேர் களத்தில் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் மஞ்சளும் செஞ்சோளமும் பயிரிடும் விவசாயிகள். மக்களவைக்கான டெபாசிட்டாகத் தலைக்கு 25,000 ரூபாய் கட்டித்தான் நின்றார்கள். மஞ்சளுக்கு நல்ல விலையும் தனி வாரியமும் வேண்டும் என்பது கோரிக்கை. ஒவ்வொரு வாக்குச்சாவடியிலும் பன்னிரண்டு வாக்குப்பதிவுக் கருவிகளை வரிசையாக அடுக்கிவைத்துத் தேர்தல் நடத்தினார்கள். பதவியிலிருந்த உறுப்பினர் கவிதா தோற்றார். வென்ற அரவிந்த் தர்மபுரி, மஞ்சள் வாரியம் கொண்டுவருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது வர ஆறு ஆண்டாகியது. தேசிய மஞ்சள் வாரியம் 2025 ஜனவரியில் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் நிஜாமாபாத். மஞ்சள் சந்தைக்குப் பெயர்போன நம் ஈரோடு அல்ல.