வீட்டு முடுக்கும் விளைநிலம்தான்

(வானொலியில் ஒலிபரப்பான வேளாண்மைப் பேச்சு)

வழக்கமாக வயலைப் பற்றியும் தோட்டத்தைப் பற்றியும் பேசுவோம். இன்றைக்கு உங்கள் வீட்டுச் சுவரை ஒட்டிக் கிடக்கிற ஒரு சின்ன இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

பழைய ஓட்டு வீடு இருக்கிறது. பையனுக்குக் கல்யாணம் என்றோ, விளைச்சலை வைக்க இடம் பற்றவில்லை என்றோ பக்கத்தில் ஒரு தார்சு அறை எடுக்கிறோம். அறை முடிந்த பிறகு பார்த்தால், அறைச் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஐந்தடி, ஆறடி அகலத்தில் ஒரு முடுக்கு மிஞ்சிப் போகிறது. ஒரு பக்கம் பழைய வீடு, ஒரு பக்கம் புது அறை, இன்னொரு பக்கம் மதில். நாலாவது பக்கம் மட்டும்தான் வாய். கட்டில் போட முடியாது, மாடு கட்ட முடியாது. அப்புறம் அங்கே என்ன சேரும்? உடைந்த ஓடு, மிஞ்சின ஜல்லி, விறகு, பழைய டயர், கிரைண்டர் வந்த பிறகு ஓரம் கட்டின ஆட்டுக்கல், இவ்வளவும் சேரும். குளிக்கிற தண்ணீரும் அங்கேயே போய் நிற்கும். இல்லீங்களா?

அந்த இடத்தை அப்படியே விட்டால் அது சும்மா இருக்காது. நம்மைக் கெடுக்கும். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் தெரிந்த ஒரு விவசாயி மார்கழிப் பட்டத்துக்கு வேண்டிய விதைக் கடலையைப் புது அறையில் சுவரோரமாக அடுக்கி வைத்திருந்தார். சுவருக்கு வெளிப்பக்கம் இதே மாதிரி ஒரு முடுக்கு. கட்டட இடிபாட்டை அதிலேயே கொட்டி மேடாக்கியிருந்தார்கள். மேடு, அறையின் தரை மட்டத்துக்கு மேலே போய்விட்டது. ஐப்பசி, கார்த்திகை மழை அந்த மேட்டில் ஊறி, சுவர் வழியாக உள்ளே இறங்கியது. விதைக்கும் நேரத்தில் மூட்டையைப் பிரித்தால் சுவர்ப் பக்கத்து மூட்டையெல்லாம் பச்சைப் பூசணம். முளைப்பு பார்த்ததில் பாதிக்கு மேல் முளைக்கவில்லை. கடன் வாங்கி விதை வாங்கினார். பூசணம் பிடித்த கடலையில் அஃப்ளாடாக்ஸின் என்ற நச்சு உண்டாகும். அதை மாட்டுக்குக்கூடப் போடக்கூடாது. நஷ்டத்துக்குக் காரணம் வயலில் இல்லை, சுவருக்கு வெளியே இருந்தது.

இரண்டாவது, கொசு. டெங்குக் காய்ச்சலைப் பரப்புகிற கொசு சாக்கடையில் முட்டையிடுவதைவிட, தேங்கி நிற்கிற நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். ஆட்டுக்கல் குழி, டயர், தேங்காய்ச் சிரட்டை, இவற்றில் நிற்கிற மழைத் தண்ணீர் அதற்குப் போதும். முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள்தான் ஆகும். தண்ணீர் வற்றினாலும் முட்டை ஓரத்தில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அடுத்த மழையில் பொரித்துவிடும். அதனால் தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். ஆட்டுக்கல் குழியில் மண்ணைப் போட்டு ஒரு புதினாக் கொத்தை நட்டுவிடுங்கள். கொசுவுக்கும் இடமில்லை, துவையலுக்கும் ஆயிற்று.

சரி, இனி இடத்தைத் திருத்துவதைப் பார்ப்போம்.

முதல் வேலை, குப்பையை அள்ளுவது. ஒரு அடி ஆழத்துக்கு வெட்டி, ஜல்லி, சிமெண்ட் கட்டி, சுண்ணாம்புக் காரை எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். சிமெண்ட் கலந்த மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். செடி வெளுத்துப் போகும். தேள், பாம்பு இருக்கலாம். கையை விடாமல் மண்வெட்டியால் வேலை செய்யுங்கள். கரண்டுக்கு எர்த் குழி அந்தப் பக்கம் இருந்தால் அதன் அருகே தோண்டாதீர்கள்.

இரண்டாவது வேலை, வாட்டம். ஆறடி முடுக்கு என்று வைத்துக்கொள்வோம். வீட்டுச் சுவரை ஒட்டி இரண்டரை அடிக்குச் செங்கல் பாவியோ, சிமெண்ட் போட்டோ கெட்டித் தரையாக்கிவிடுங்கள். அது நடைபாதையும் ஆகும். அந்தத் தரை சுவரிலிருந்து வெளிப்பக்கம் சரிய வேண்டும். நாலடிக்கு ஒரு அங்குலம் சரிவு இருந்தால் போதும். அதை அடுத்து அரையடியில் ஒரு வாய்க்கால்; முடுக்கின் வாயை நோக்கி ஓட வேண்டும். அதற்கடுத்து இரண்டடிப் பாத்தி. மதிலோரம் ஒரு அடியைச் சும்மா விட்டுவிடுங்கள். எந்தச் சுவரிலும் மண் சாயக்கூடாது. அறையின் தரை மட்டத்தைவிட வெளியே மண் உயரக்கூடாது. மண் சாய்ந்தால் ஈரமும் ஏறும், கரையானும் ஏறும். முடுக்கு நாலடிக்குக் குறைவு என்றால் பாத்தியே வேண்டாம். சாக்கும் தொட்டியும் போதும்.

மூன்றாவது, தண்ணீரை எங்கே விடுவது? 12 அடிக்கு 10 அடி தார்சில் ஒரு அங்குல மழை பெய்தால் சுமார் 280 லிட்டர் தண்ணீர் இறங்கும். அதாவது 18 குடத்துக்கு மேல். இவ்வளவும் அஸ்திவாரத்தின் அடியில் இறங்கினால் என்ன ஆகும்? மேல் தண்ணீருக்குப் பைப் வைத்து, மூடி போட்ட தொட்டியில் பிடியுங்கள். மிஞ்சியதை முடுக்குக்கு வெளியே மழைநீர்க் குழிக்குக் கொண்டுபோங்கள். 2003-ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தது உங்களுக்கு நினைவிருக்கும்.

குளிக்கிற, பாத்திரம் கழுவுகிற தண்ணீருக்கு மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் ஒரு உறிஞ்சு குழி வெட்டுங்கள். அடியில் பெரிய கல், மேலே உடைந்த செங்கல் என்று நிரப்புங்கள். இந்தக் குழி முடுக்குக்குள்ளே வேண்டாம். சுவரிலிருந்து பத்தடியாவது தள்ளி, வாய்க்கு வெளியே இருக்கட்டும். குடிதண்ணீர்க் கிணறு இருந்தால் 50 அடியாவது விலகியிருக்க வேண்டும். கரிசல் மண்ணில் குழி சரியாக உறிஞ்சாது. அங்கே வாழை, கல்வாழை, சேம்பு வைத்து அந்தப் பாத்திக்குத் தண்ணீரைத் திருப்புங்கள்.

இன்னொன்று. கூரைத் தண்ணீர் யார் பக்கம் விழுகிறது, முடுக்கு யாருக்குச் சேர்ந்தது என்று முன்னாலேயே பேசிக்கொள்ளுங்கள். அண்ணன் தம்பிக்குப் பொதுவான முடுக்கு என்றால் இரண்டு பேரும் சேர்ந்தே பயிர் வையுங்கள். ஒரு கொடி அவரைக்காகப் பங்காளிச் சண்டை எதற்கு?

அடுத்தது வெயில். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வடக்குச் சுவருக்கு வெயிலே வராது என்று சிலர் சொல்வார்கள். நம் ஊருக்கு அது பொருந்தாது. திருச்சி, கோயம்புத்தூர் பக்கத்தில் சித்திரை தொடங்கி ஆவணி முதல் வாரம் வரை உச்சி வேளைச் சூரியன் நம் தலைக்குச் சற்று வடக்கே நிற்கிறது. அந்த நாலு மாதமும் வீட்டுக்கு வடக்கே இருக்கிற முடுக்கில் உச்சி வெயில் விழும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்துவிடும். அப்போது பத்தடிச் சுவரின் உச்சி வேளை நிழல் வடக்கே ஏழடி விழுகிறது. ஆறடி முடுக்கு முழுக்க நிழல்தான். தெற்கு முடுக்குக்கு இது தலைகீழ். கிழக்கு முடுக்குக்கு முற்பகல் வெயில், மேற்கு முடுக்குக்குப் பிற்பகல் வெயில். மேற்கில் சிமெண்ட் சுவர் சூடு கக்கும். செடியைச் சுவரோடு ஒட்டி வைத்தால் இலை கருகும்.

ஆகவே செலவு செய்யும் முன் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது என்று கரிக்கட்டியால் சுவரில் குறித்துக்கொள்ளுங்கள். எதிர்ச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வெளிச்சம் கூடும். செலவு குறைந்த யோசனை இது.

இப்போது என்ன பயிர் வைக்கலாம்?

வெயில் இரண்டு மூன்று மணி நேரம்தான் விழுகிறதென்றால் மஞ்சள், இஞ்சி, சேம்பு, சேனை, வெற்றிலை, கற்பூரவல்லி, புதினா, கொடிப்பசலை, தூதுவளை, இவையெல்லாம் வரும். வைகாசியில் நாலு சாக்கில் மஞ்சளும் இஞ்சியும் ஊன்றினால், தைப் பொங்கலுக்குப் பானையில் கட்ட மஞ்சள் கொத்து வீட்டிலேயே கிடைக்கும். நாலைந்து மணி நேரம் வெயில் உண்டென்றால் கீரைகள், மிளகாய், கத்தரி, தக்காளி வைக்கலாம்.

வெயிலே பற்றாத முடுக்குக்கு ஒரு வழி இருக்கிறது. வேர் நிழலில் இருக்கட்டும், தலை வெயிலுக்குப் போகட்டும். அதாவது கொடிக்காய். முடுக்கின் மண்ணில் கொடியை ஊன்றி, கயிறு கட்டித் தார்சுக்கு ஏற்றிவிடுங்கள். அவரையை ஆடிப் பட்டத்தில் ஊன்றினால் மார்கழி, தையில் காய்க்கும். கோவைக்காய்க்கு விதை போடாதீர்கள். நன்றாகக் காய்க்கிற கொடியிலிருந்து விரல் கனத் தண்டை நாலு கணுவோடு வெட்டி நடுங்கள். ஒரு முறை நட்டால் வருடக்கணக்கில் காய்க்கும். வருடத்துக்கு ஒரு முறை கவாத்து செய்தால் போதும். பாகல், பீர்க்கு, புடலையும் இப்படியே. தார்சில் கொடி படரும்போது தளத்தில் படாமல், ஒன்றிரண்டு அடி உயரத்தில் பந்தலாகக் கட்டுங்கள். உதிர்ந்த இலை தண்ணீர்ப் பைப்பை அடைக்காமல் வாரம் ஒரு தடவை கூட்டுங்கள். பந்தலைப் பழைய ஓட்டின் மேல் சாய்க்காதீர்கள். கரண்டு ஒயர் போகிற பக்கம் கொடியே வேண்டாம்.

வேண்டாதவையும் சொல்லிவிடுகிறேன். முருங்கை நல்ல மரம்தான், ஆனால் முடுக்குக்கு ஆகாது. மழைக் காலத்தில் கம்பளிப்பூச்சி சுவர் முழுக்க ஏறிக்கொள்ளும். குழந்தைகள் உடம்பெல்லாம் தடிக்கும். சுவர் வெடிப்பில் அரசோ ஆலோ முளைத்தால் சிறிதாக இருக்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். எருக்குழி சுவரோரம் கூடாது. ஆடு, கோழியை அங்கே அடைக்காதீர்கள். மூன்று பக்கம் சுவர், காற்று ஓடாது. மூத்திர வாடை கால்நடைக்கும் கெடுதல், சமையலறைக்கும் கெடுதல். விறகு வைத்தே ஆக வேண்டுமென்றால் கல்லின் மேல், சுவரைத் தொடாமல் அடுக்குங்கள்.

மண் கலவை சுலபம். செம்மண் ஒரு கூடை, மணல் ஒரு கூடை, நன்றாக மக்கிய தொழு எரு ஒரு கூடை. பழைய சிமெண்ட் சாக்கு, யூரியா சாக்கைக் கழுவி, அடியில் நாலு ஓட்டை போட்டு நிரப்பி, செங்கல் மேல் வையுங்கள். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். பூச்சி மருந்து வந்த டப்பா, கேன் எதையும் எவ்வளவு கழுவினாலும் உபயோகிக்காதீர்கள். வீட்டில் பிள்ளைகள் சாப்பிடுகிற கீரை அது.

சோப்புத் தண்ணீரை வாழைக்கும் சேம்புக்கும் விடலாம். புதினா, கொத்தமல்லி, கீரைக்கு வேண்டாம். அசுவினி தெரிந்தால் வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராம் எடுத்து இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து வடிகட்டி, துளி சோப்புக் கரைசல் சேர்த்துச் சாயங்காலத்தில் தெளியுங்கள். இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். சமையலுக்கு ஒட்டின இடத்தில் விஷ மருந்து வேண்டவே வேண்டாம்.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. இந்தத் தோட்டம் பெரும்பாலும் உங்கள் கையில்தான் இருக்கும். அதனால் தண்ணீர்த் தொட்டி எங்கே, நடைபாதை எவ்வளவு அகலம் என்பதை நீங்கள் சொல்கிறபடி வைக்கச் சொல்லுங்கள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப இடமில்லாத முடுக்கில், எவ்வளவு நல்ல செடி வைத்தாலும் ஆறு மாதத்தில் காய்ந்துவிடும்.

புதிதாக அறை எடுக்கப் போகிறவர்கள் இதை இப்போதே யோசியுங்கள். அஸ்திவாரம் போடும்போதே தரை மட்டத்தை உயர்த்தி, வாட்டமும் பைப்பும் எங்கே என்று கொத்தனாரிடம் சொல்லிவிட்டால் பிறகு உடைக்கும் செலவு இல்லை. கட்டி முடித்தவர்கள் வடகிழக்குப் பருவமழைக்கு முன், ஆவணி, புரட்டாசிக்குள் குப்பையை அள்ளி வாட்டம் போட்டுவிடுங்கள். பயிர் வைப்பது அடுத்த பட்டத்தில்கூட நடக்கட்டும். தண்ணீரை வெளியேற்றுவதைத் தள்ளிப் போடாதீர்கள். முதலில் சுவர் காய வேண்டும், அதன் பிறகுதான் கொடி காய்க்க வேண்டும்.

உங்கள் ஊர் மண்ணுக்கும் முடுக்குக்கும் எது பொருந்தும் என்ற சந்தேகம் இருந்தால், பக்கத்து வேளாண்மை விரிவாக்க மையத்திலோ தோட்டக்கலை அலுவலகத்திலோ கேளுங்கள்.