ஆற்றின் எல்லையும் ஊரின் எல்லையும்

ஆண்டில் பல மாதங்கள் மணலாகவே கிடக்கும் கொள்ளிடத்தைப் பார்ப்பவருக்கு, ஆறு என்பது நடுவே ஓடும் அந்தச் சிறு நீரோடைதான் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் கோடையில் ஓடும் நீர் ஆற்றின் அளவன்று. பெருவெள்ளம் எதுவரை பரவுகிறதோ அதுவரை ஆற்றுக்கு உரிய நிலமே. இந்த உண்மையை மனத்திற்கொண்டு ஊர்களை வகுக்க வேண்டும் என்பதே இன்று நேயர்களுக்கு நான் சொல்ல விரும்புவது.

காவிரி நாட்டார் ஆற்றோட்டத்துக்கும் கரைக்கும் இடைப்பட்ட நிலத்தைப் படுகை என்றார்கள். ஆற்றிடையே வண்டல் சேர்ந்து உயர்ந்த நிலத்தைத் திட்டு என்றார்கள். நிலத்தின் இயல்பு பெயரிலேயே அடங்கியிருக்கிறது. கொள்ளிடம் கடலை நெருங்குமிடத்தில், மயிலாடுதுறை மாவட்டத்தில், நாதல்படுகை, முதலைமேடுதிட்டு என்னும் ஊர்கள் இருக்கின்றன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் இவ்வூர்களை வெள்ளம் சூழ்ந்தது. மக்கள் வீடு வாசலை விட்டு முகாம்களில் தங்க நேர்ந்தது.

1934இல் மேட்டூர் அணை எழுந்தபின், வெள்ளத்தின் காலம் முடிந்தது என்ற எண்ணம் பலருக்கு உண்டாயிற்று. அணை வெள்ளத்தைத் தணிக்கும் என்பது மெய்யே. ஆனால் நீர்மட்டம் 120 அடியை எட்டிய பிறகு, வரும் நீரைத் திறந்துவிடுவதன்றி வேறு வழியில்லை. அந்த நீருக்குக் கொள்ளிடமே வடிகால். 2018 ஆகஸ்டில் அவ்வாறு வந்த வெள்ளத்தில், திருச்சிராப்பள்ளியில் 1928இல் கட்டப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் ஒரு பகுதி சரிந்தது. முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன.

வெள்ளம் வந்து வடிந்துவிடும். கரை அரிப்போ நிலத்தையே கொண்டுபோய்விடும். ஆறு வளையும் இடத்தில் வெளிவளைவில் நீரின் வேகம் மிகுதி. அது கரையின் அடியைத் தோண்டுகிறது. தாங்குதல் இழந்த மேற்கரை ஒருநாள் பாளமாகப் பெயர்ந்து விழுகிறது. உள்வளைவில் வேகம் குறைவதால் அங்கே வண்டல் படிகிறது. ஓர் ஊர் கருங்கல்லைக் கொட்டித் தன் கரையை மட்டும் காத்துக்கொண்டால், நீரின் வேகம் எதிர்க்கரையையோ கீழுள்ள ஊரையோ தாக்கக்கூடும். ஆகையால் இரு கரையாரும் கூடித் திட்டமிடுவதே முறை.

வீட்டுக்கு மனை தேடும்போது, கரை இன்று எங்கே இருக்கிறது என்று பார்த்தால் போதாது. ஆண்டுக்கு இரண்டு அடி கரை அரிக்கப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டு நிற்க வேண்டிய வீடு, நூறு அடிக்கும் அப்பால்தான் எழ வேண்டும். கணக்கு எளியது, அதைச் செய்யத் தவறுவதே துன்பத்துக்குக் காரணம்.

சட்டம் இல்லாத குறையுமன்று. ஆற்றை அளந்து எல்லை குறிக்கவும், அதற்குள் கட்டடங்களைக் கட்டுப்படுத்தவும் சென்னை மாகாணத்தில் 1884லேயே ஆறுகள் பாதுகாப்புச் சட்டம் ஏற்பட்டது. வெள்ளம் பரவும் நிலத்தை மண்டலங்களாக வகுப்பதற்கு மத்திய அரசு 1975இல் ஒரு மாதிரிச் சட்ட வரைவை மாநிலங்களுக்கு அனுப்பியது. அதன்படி சட்டம் செய்த மாநிலங்கள் மிகச் சிலவே.

படுகையில் இருப்போரை எழுப்பிவிட வேண்டும் என்று சிலர் எளிதாகச் சொல்வார்கள். நான் அதை ஒப்பவில்லை. வண்டல் மண்ணின் வளமும், வேறு மனை இல்லாத வறுமையும் அவர்களை அங்கே நிறுத்தியிருக்கின்றன. பயிரிடும் உரிமையை அவர்களிடமே விட்டு, குடியிருக்கக் கரைக்கு வெளியே, வயலுக்கு நடந்து போகும் தொலைவில், பட்டாவுடன் மனை தருவதே நியாயம். படுகையில் பயிரும் புல்லும் இருக்கட்டும். கரையை ஒட்டிய தாழ்நிலத்தில் கட்டுவதானால், பழைய வெள்ளமட்டத்துக்கு மேல் தரை அமையட்டும். பள்ளிக்கூடமும் மருத்துவமனையும் மேட்டில் நிற்கட்டும். ஆபத்து வேளையில் மக்கள் ஒதுங்கும் இடம் அவையே.

இதற்குத் தொடக்கம் கிராம சபையில்தான். எந்த ஆண்டில் எந்தத் தெருவரை நீர் வந்தது என்பது ஊர்ப் பெரியவர்களுக்குத் தெரியும். அவர்கள் இருக்கும்போதே அந்த மட்டங்களைக் கல்லில் குறித்து, ஊர் வரைபடத்திலும் ஏற்றிவிட வேண்டும். பிறகு மனைப்பிரிவுக்கு எவர் அனுமதி கேட்டாலும், முதலில் அந்தக் கோட்டைப் பார்த்தே விடை சொல்லலாம்.