இளமையை வாங்கிக்கொண்டு முதுமையில் கைவிடலாமா?

(அண்ணனூர் பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)





நம் பகுதியில் முந்தைய தலைமுறையினர் பலர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலும், இரயில்வேயிலும், அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளிலும் உழைத்தார்கள். அரசு வேலையில் சேர்ந்தவருக்குத் தாம் ஓய்வு பெறும் நாள் முதல் நாளே தெரியும். மத்திய அரசு ஊழியர்களுக்கு 1998 முதல் ஓய்வு வயது 60. தமிழக அரசு ஊழியர்களுக்கு 2020-இல் 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தப்பட்டது. அவர்களின் பிள்ளைகளோ இன்று கழுத்தில் அடையாள அட்டையுடன் கணினி நிறுவனங்களுக்குச் செல்கின்றனர். தந்தை வாங்கியதைவிடப் பல மடங்கு சம்பளம் வாங்குகின்றனர். ஆனால், தந்தைக்கு இல்லாத ஓர் அச்சம் மகனுக்கு இருக்கிறது. 40 வயதைக் கடந்துவிட்டால், 'இந்த வேலை இன்னும் எத்தனை நாளைக்கு?' என்ற கேள்வி அவரது உறக்கத்தைக் கெடுக்கிறது. எழுதப்படாத ஓர் ஓய்வு வயது அங்கே நடைமுறையில் இருக்கிறது.

அந்த அச்சத்தைப் பற்றியும், அதில் மார்க்கம் நமக்குக் காட்டும் வழியைப் பற்றியும் இன்று சிந்திப்போம்.

நடப்பது என்ன?

2025 ஜூலை இறுதியில், நாட்டின் மிகப் பெரிய கணினி நிறுவனமான டி.சி.எஸ்., தன் ஊழியர்களில் ஏறத்தாழ 2 சதவீதத்தினரை, அதாவது சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் நடுத்தர, மூத்த நிலைகளில் இருப்பவர்கள் என்றும் அந்நிறுவனமே கூறியது. வயது காரணம் என்று அது சொல்லவில்லை. தேவைப்படும் திறமைக்கும் இருக்கும் திறமைக்கும் பொருத்தமில்லை என்பதே சொல்லப்பட்ட காரணம். இதற்கு முன்பும் 2014-இன் இறுதியிலும் 2017-இலும் இத்தகைய ஆட்குறைப்புகளைச் சென்னை கண்டிருக்கிறது.

இது ஏன் மூத்தவர்களையே அதிகம் தாக்குகிறது? இத்தொழிலின் அமைப்பு அப்படி. அடியில் குறைந்த சம்பளத்தில் ஏராளமான புதியவர்கள். மேலே செல்லச் செல்ல ஆட்கள் குறைவு. அயல்நாட்டு வாடிக்கையாளர் தரும் தொகை அதிகம் மாறுவதில்லை. ஆண்டுதோறும் ஊழியரின் சம்பளம் மட்டும் ஏறுகிறது. பதினைந்து ஆண்டு அனுபவமுள்ள ஒருவருக்குத் தரும் சம்பளத்தில் புதியவர் பலரை அமர்த்திவிடலாம் என்று கணக்குப் பார்க்கிறார்கள். போதாக்குறைக்குச் செயற்கை நுண்ணறிவும் வந்துவிட்டது. நேரடியாக 'உனக்கு வயதாகிவிட்டது' என்று எவரும் சொல்வதில்லை. திட்டம் எதிலும் சேர்க்காமல் 'பெஞ்சில்' உட்கார வைப்பது, ஆண்டு மதிப்பீட்டில் மதிப்பெண்ணைக் குறைப்பது, பிறகு ஓர் அறைக்குள் அழைத்து 'நானாகவே விலகுகிறேன்' என்று கடிதம் கேட்பது என்று படிப்படியாக நடக்கிறது.

இந்த மனப்பான்மை நம் ஊரில் பிறந்ததன்று. 2007-இல் ஃபேஸ்புக் நிறுவனர் மார்க் ஸக்கர்பெர்க் ஒரு கூட்டத்தில், இளைஞர்களே அதிக புத்திசாலிகள் என்ற பொருளில் பேசினார். அப்போது அவருக்கு வயது 22. இன்று அவரும் 40-ஐக் கடந்துவிட்டார்! இளமை எவருக்கும் சொந்தமன்று. அது அல்லாஹ் சில காலத்திற்குத் தந்த இரவல் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சட்டமும் இறையச்சமும்

அமெரிக்காவில் 40 வயதும் அதற்கு மேலும் உள்ள ஊழியர்களை வயதின் பெயரால் ஒதுக்கக் கூடாது என்று 1967-இலேயே சட்டம் வந்துவிட்டது. இருந்தும் என்ன? ஐ.பி.எம். நிறுவனம் மூத்த ஊழியர்களிடம் பாகுபாடு காட்டியதாக நம்புவதற்குக் காரணம் உள்ளது என்று அந்நாட்டின் சம வேலைவாய்ப்பு ஆணையம் 2020-இல் கூறியது. அந்நிறுவனத்தின் அதிகாரிகள் மூத்த ஊழியர்களை 'டைனோசர் குட்டிகள்' என்று மின்னஞ்சலில் ஏளனம் செய்தது 2022-இல் நீதிமன்ற ஆவணங்கள் வழியே வெளிவந்தது. திட்டமிட்ட பாகுபாடு எதுவும் இல்லை என்று நிறுவனம் மறுத்தது.

நம் நாட்டிலோ தனியார் நிறுவனங்களில் வயதின் பெயரால் காட்டப்படும் பாகுபாட்டைத் தடுக்கத் தனிச் சட்டமே இல்லை. சட்டம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், சட்டம் இருக்கும் நாட்டிலேயே இப்படி நடக்கிறது என்றால், சட்டம் எட்டாத இடத்திலும் எட்டக்கூடிய ஒன்று தேவைப்படுகிறது. அதுதான் தக்வா எனும் இறையச்சம்.

மார்க்கம் வகுத்த அளவுகோல்

சகோதரர்களே! ஒருவரை வேலைக்கு அமர்த்த எதைப் பார்க்க வேண்டும்? மூஸா (அலை) அவர்கள் மத்யனுக்கு வந்து, இரு பெண்களின் ஆடுகளுக்குத் தண்ணீர் புகட்டிய வரலாற்றைத் திருக்குர்ஆனின் 28-ஆவது அத்தியாயம் கூறுகிறது. அப்பெண்களில் ஒருவர் தம் தந்தையிடம் அவரைப் பணிக்கு அமர்த்துமாறு பரிந்துரைத்தபோது இரண்டு தகுதிகளைக் குறிப்பிட்டார். ஒன்று ஆற்றல், மற்றது நம்பகத்தன்மை. வயது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த அளவுகோல் இருபுறமும் பொருந்தும். நபி (ஸல்) அவர்கள் தம் இறுதி நாட்களில் அனுப்பிய படைக்கு, இருபது வயதுகூட நிரம்பியிராத உஸாமா (ரலி) அவர்களைத் தளபதியாக்கினார்கள். மூத்த ஸஹாபாக்கள் அப்படையில் இருக்க, சிலர் முணுமுணுத்தார்கள். உஸாமா அதற்குத் தகுதியானவரே என்று நபியவர்கள் உறுதிபடக் கூறினார்கள். எனவே இளைஞர் ஒருவர் நமக்கு மேலதிகாரியாக வந்தால் அதைச் சிறுமையாகக் கருதுவதும் தவறு. நரை கண்டதும் ஒருவரை ஒதுக்குவதும் தவறு. உஸாமாவை உயர்த்திய அதே மார்க்கம்தான், முதியோரைக் கண்ணியப்படுத்தாதவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தது.

இன்னொரு செய்தியையும் எண்ணிப் பாருங்கள். எந்த வயதில் மனிதன் முழு வலிமையை அடைகிறான் என்று பேசும்போது திருக்குர்ஆன் 40-ஐக் குறிப்பிடுகிறது. அண்ணலார் (ஸல்) அவர்களுக்கு நபித்துவம் அருளப்பட்டதும் 40-ஆவது வயதில்தான். உலகம் எந்த வயதில் மனிதனைக் கழிக்கத் தொடங்குகிறதோ, அந்த வயதில்தான் அல்லாஹ் மாபெரும் பொறுப்பை ஒப்படைத்தான்!

உமர் (ரலி) அவர்களின் நீதி

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஒருமுறை, பார்வையிழந்த யூத முதியவர் ஒருவர் வாசல்தோறும் யாசிப்பதைக் கண்டார்கள். காரணம் கேட்டபோது வரியும், வறுமையும், வயதும் என்று அவர் சொன்னார். உமர் (ரலி) அவர்கள் அவரது கையைப் பிடித்துத் தம் இல்லம் அழைத்துச் சென்று உதவினார்கள். பிறகு பைத்துல் மால் பொறுப்பாளருக்கு ஆளனுப்பி, இவரையும் இவர் போன்றோரையும் கவனிக்குமாறு பணித்தார்கள். இவரது இளமையின் பயனை நுகர்ந்துவிட்டு முதுமையில் கைவிட்டால் நாம் நீதி செய்தவர்களாக மாட்டோம் என்பது அவர்கள் சொன்ன காரணம். இமாம் அபூயூசுஃப் (ரஹ்) அவர்கள் தம் 'கிதாபுல் கராஜ்' நூலில் இதைப் பதிவு செய்துள்ளார்கள்.

முஸ்லிம் அல்லாத ஒருவருக்காக ஓர் ஆட்சித் தலைவர் காட்டிய நீதி இது. 25 வயதில் ஒருவரைச் சேர்த்து, இரவுப் பணியும் விடுமுறைப் பணியும் வாங்கி, கண்ணையும் முதுகையும் தேய வைத்து, 45-இல் ஒரு மணி நேர அவகாசத்தில் அடையாள அட்டையைப் பிடுங்கும் நிறுவனங்களுக்கு இந்த வரலாறு ஒரு சாட்டை. நட்டம் வரும்போது ஆட்குறைப்பே கூடாது என்று நாம் சொல்லவில்லை. முன்கூட்டியே சொல்வது, மாற்றுப் பயிற்சி தருவது, உரிய தொகையைக் குறைவின்றிக் கொடுப்பது, மானத்தைக் காப்பது ஆகியவை நீதியின் குறைந்தபட்சம். நம்மில் மனிதவளத் துறையில் இருப்பவர்களும், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவர்களும் இதைச் செவியேற்க வேண்டும். வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலியைக் கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற நபிமொழி புகாரியில் உள்ளது. வற்புறுத்தி இராஜினாமா வாங்கி, உரிய இழப்பீட்டை இல்லாமல் ஆக்குவதும் அதற்கு வெகு தூரத்தில் இல்லை.

உரிமையைக் கேட்பது தவக்குலுக்கு முரணன்று

'அல்லாஹ் பார்த்துக்கொள்வான்' என்று கேட்ட இடத்திலெல்லாம் கையொப்பம் இட்டுவிட்டு வருவது தவக்குல் ஆகாது. கடிதத்தை உடனே எழுதித் தராதீர்கள், அவகாசம் கேளுங்கள், சொல்வதை எழுத்தில் கேளுங்கள். ஐந்தாண்டு பணி முடித்தவருக்கு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற கணக்கில் பணிக்கொடை உரிமை உண்டு. வருங்கால வைப்பு நிதியும், அறிவிப்புக் கால ஊதியமும் உங்களுடையவை.

தகவல் தொழில்நுட்ப ஊழியர்களும் தொழிற்சங்கம் அமைக்கலாம் என்று தமிழக அரசு 2016-இல் தெளிவுபடுத்தியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில், சென்னையில் ஒரு பெண் ஊழியரின் பணிநீக்கத்திற்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும், பழைய சட்டத்தைப் போலவே நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்குத் 'தொழிலாளி' என்ற பாதுகாப்பு இல்லை. ஆனால், 'மேனேஜர்' என்ற பெயரை வைத்து மட்டும் இதை முடிவு செய்வதில்லை. உண்மையில் செய்யும் வேலை என்ன என்பதையே நீதிமன்றங்கள் பார்த்து வந்துள்ளன. எனவே வழக்கறிஞரிடம் ஆலோசனை பெறாமல் எதையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நரையும் விண்ணப்பமும்

சகோதரர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹள்ரத்! நேர்காணலுக்குப் போகிறேன். நரையைப் பார்த்ததும் முகம் மாறுகிறது. கறுப்புச் சாயம் பூசலாமா? விண்ணப்பத்தில் சில ஆண்டுகளைக் குறைத்து எழுதலாமா?"

கேள்வியின் பின்னால் இருந்த வேதனை எனக்குப் புரிந்தது. மக்கா வெற்றியின்போது, அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா வெண்பஞ்சு போன்ற தலையுடன் அழைத்து வரப்பட்டார். அந்த நரையை மாற்றுமாறும், கறுப்பைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். ஆகவே மருதாணி போன்றவற்றைப் பூசிக்கொள்வதில் தடையில்லை, கறுப்பைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில், கேட்கப்படாத பழைய வேலைகளை விட்டுவிட்டு அண்மைக் கால அனுபவத்தை மட்டும் எழுதுவது பொய்யாகாது. பிறந்த தேதியை மாற்றுவதும், செய்யாத வேலையைச் செய்ததாக எழுதுவதும் பொய்தான். ஆற்றலோடு நம்பகத்தன்மையையும் கேட்ட மார்க்கம் நம்முடையது. பொய்யை எழுதி வேலை வாங்கினால், மூத்தவரிடம் எஞ்சியிருக்கும் மிகப் பெரிய முதலீட்டையே இழந்துவிடுகிறோம்.

கற்பதற்கு வயதில்லை

நிறுவனங்களின் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை இருக்கும் இடத்தையும் நாம் மறைக்கக் கூடாது. பதவி உயர்ந்ததும் கற்பதை நிறுத்திவிட்டவர்கள் உண்டு. ஷாஃபிஈ மத்ஹபின் பேரறிஞர் இமாம் கஃப்பால் மர்வஸீ (ரஹ்) அவர்களைப் பாருங்கள். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். பூட்டுத் தொழிலில் வல்லவராக இருந்த அவர்கள், ஏறத்தாழ முப்பது வயதில்தான் ஃபிக்ஹ் படிக்க அமர்ந்தார்கள். தம்மைவிடச் சிறியவர்கள் முன்னேறியிருந்த சபையில் அமர்ந்து கற்று, ஹிஜ்ரி 417-இல் மறைந்தபோது தம் காலத்தின் இமாமாகத் திகழ்ந்தார்கள். நபித்தோழர்களில் பலர் மார்க்கம் கற்றதே முதிர்ந்த வயதில்தானே!

பழைய அறிவும் வீணன்று. 2020 ஏப்ரலில் கொரோனா காலத்தில், அமெரிக்காவின் நியூஜெர்ஸி மாநிலத்தில் வேலையிழந்தோரின் விண்ணப்பங்கள் குவிந்து அரசுக் கணினிகள் திணறின. அவை 1959-இல் உருவான கோபால் மொழியில் இயங்கியவை. அம்மொழி தெரிந்தவர்கள் உதவிக்கு வர வேண்டும் என்று ஆளுநர் பகிரங்கமாக வேண்டுகோள் விடுத்தார். காலாவதியானவர்கள் என்று கருதப்பட்டவர்களை ஓர் அரசு தேடி அழைத்தது!

நம் ஊர் மின்சார இரயில் பணிமனையை அன்றாடம் பார்க்கிறீர்கள். பல ஆண்டுகள் ஓடிய வண்டியை உள்ளே கொண்டு வந்து, பழுது பார்த்து, மீண்டும் தண்டவாளத்திற்கு அனுப்புகிறார்கள். இரும்புக்குக் கிடைக்கும் இந்த வாய்ப்பு மனிதனுக்குக் கிடைக்க வேண்டாமா?

குடும்பத்தாரின் கடமை

வேலை போனதை வீட்டில் சொல்ல முடியாமல், வழக்கம்போலக் காலையில் புறப்பட்டு, பூங்காவிலும் நூலகத்திலும் பொழுதைக் கழித்துவிட்டு மாலையில் திரும்புபவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை, பிள்ளைகளின் கல்விக் கட்டணம், நிறுவனம் தந்த மருத்துவக் காப்பீட்டில் இருந்த பெற்றோர் என எல்லாச் சுமையும் ஒருவர் நெஞ்சில்.

ஹிரா குகையிலிருந்து நடுங்கியபடி இல்லம் திரும்பிய அண்ணலாரை அன்னை கதீஜா (ரலி) அவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள்? அந்நிகழ்ச்சியின் மகத்துவத்திற்கு ஈடு எதுவுமில்லை. ஆயினும் அதில் நம் இல்லங்களுக்குப் பாடம் உண்டு. போர்வையால் போர்த்தினார்கள். அல்லாஹ் உங்களைக் கைவிட மாட்டான் என்று ஆறுதல் கூறினார்கள். உறவைப் பேணுவது, பிறர் சுமையைத் தாங்குவது, விருந்தினரை உபசரிப்பது என்று கணவரின் நற்குணங்களை ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார்கள். நடுங்கி வரும் மனிதருக்கு அவர் யார் என்பதை நினைவூட்டினார்கள்.

தாய்மார்களே! சகோதரிகளே! உங்கள் கணவரின் மதிப்பு அவருடைய அடையாள அட்டையில் இல்லை. பக்கத்து வீட்டுக்காரரின் சம்பளத்தோடு ஒப்பிடாதீர்கள். பிள்ளைகளே! செலவைச் சுருக்குங்கள், தந்தை வீட்டில் இருப்பதை வெட்கமாக எண்ணாதீர்கள். நிறுவனம் என்பது ரிஜ்க் வரும் வாசல்களில் ஒன்று, வழங்குபவன் அல்லாஹ். ஒரு வாசலை அடைப்பவன் வேறொன்றைத் திறக்க ஆற்றல் உள்ளவன்.

ஜமாஅத்தினரின் கடமை

நம் முஹல்லாவில் பணியில் இருப்போரும் பணியிழந்தோரும் மாதம் ஒருமுறை இஷாவுக்குப் பின் அமர்ந்து பேசலாம். எங்கே எந்தத் திறமைக்கு ஆள் தேவை என்பதைப் பகிர்ந்துகொள்ளலாம். மூத்தவர்கள் கல்லூரி மாணவர்களுக்குப் பாடம் நடத்தலாம். இளைஞர்கள் மூத்தவர்களுக்குப் புதிய தொழில்நுட்பத்தைக் கற்றுத் தரலாம். கடனில் மூழ்கித் தவிப்பவர் ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் ஒருவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். நேற்றுவரை ஸகாத் கொடுத்தவர் இன்று அதைப் பெறும் நிலைக்கு வந்திருக்கலாம். அவர் கேட்க மாட்டார். நாம்தான் அவரது மானம் கெடாமல், இரகசியமாக, அறிந்து கொடுக்க வேண்டும்.

யா அல்லாஹ்! எங்கள் இளமையைப் பயனுள்ளதாகவும், முதுமையைக் கண்ணியமுள்ளதாகவும் ஆக்குவாயாக! வேலையிழந்தோருக்கு ஹலாலான, பரக்கத் நிறைந்த ரிஜ்க்கின் வாசல்களைத் திறப்பாயாக! அதிகாரம் பெற்றோரின் உள்ளங்களில் நீதியையும் இரக்கத்தையும் போடுவாயாக! எங்கள் இல்லங்களை ஆறுதல் தரும் இல்லங்களாக ஆக்குவாயாக! ஆமீன்.